கொண்டையில் கோணி ஊசி

என் மகள் குளித்து முடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் நான் ஒரு நடை மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றி முடித்துவிடுவேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, பலமுறை ஏற்றியிருக்கிறேன். மூட்டையை அடுக்கி, கயிறு போட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி ஹாரன் அடித்தால் வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "இரும்மா, ரிப்பன் சரியா இல்ல." சரியில்லாதது வலது பக்கம் என்றாலும் இடது பக்கத்தையும் சேர்த்து அவிழ்த்துப்போட்டுத்தான் மறுபடி கட்டுவாள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கணக்குப் போடும்போது வந்தால் தேவலை.

நாங்கள் மிளகாய் வெள்ளாமை பண்ணுகிற சம்சாரிகள். ராமநாதபுரத்துக்கு மேற்கே, கடல் காற்று வந்தாலும் கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல்லும் குண்டு மிளகாயும், பெய்யாவிட்டால் கருவேல முள்ளும் விளையும். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். மிளகாய்க் காட்டையும், வத்தல் ஏற்றுகிற சின்ன லோடு வண்டியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுடிதார் பேண்ட், அதற்குமேல் அவர் விட்டுப்போன முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு. முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு, சாக்கு தைத்து முடிந்ததும் கோணி ஊசியை அதில்தான் செருகிக்கொள்வேன். வேறெங்கு வைத்தாலும் தொலைந்துபோகிறது.

இப்படிப்பட்டவளின் வண்டியை இப்போது வந்து பார்க்க வேண்டும். டீசல் மூடியில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே நெயில் பாலிஷ் பாட்டில்கள் வரிசையாக, வெயிலில் கொதித்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் பிரேக்கை மிதித்தால் முழுதாக இறங்க மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தால் பெடலுக்கு அடியில் முத்து வைத்த ஹேர் கிளிப். மாடு குறுக்கே வந்த நேரம். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு மாடே விலகிப் போயிற்று. இவள் அழவில்லை. "உடஞ்சிருச்சா?" என்றாள். மாட்டைக் கேட்கவில்லை, கிளிப்பைக் கேட்டாள்.

ஊருக்கு இது பெரிய வேடிக்கை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்வார்கள் இல்லையா, எங்கள் தெருவில் அதை எனக்காகவே திருப்பி வைத்திருக்கிறார்கள். நானும் மகளும் சேர்ந்து நடந்தால் யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். "நூலு இங்கன வருது, இந்தச் சேலை எந்தக் கடையில எடுத்தது?" சிரித்துவிட்டுப் போவேன். உள்ளே எரியும். சின்ன வயதில் பூவுக்கும் பாவாடைக்கும் பயந்து நான் ஓடாத ஓட்டமில்லை. ஓடி ஓடி ஒருவழியாக எனக்கென்று சட்டையும் வண்டியும் சம்பாதித்து உட்கார்ந்தால், நான் எதிலிருந்து ஓடினேனோ அதெல்லாம் கையில் சாந்துப் பொட்டோடு என் வயிற்றிலேயே வந்து பிறந்திருக்கிறது.

சண்டைக்கெல்லாம் மூலம் ஒரு சொல். ஏலே.

எங்கள் பக்கம் ஏலே என்பது ஆண்பிள்ளையைக் கூப்பிடுவது. பெண்பிள்ளை என்றால் ஏத்தா. எனக்கு என் மகள் வயது இருக்கும்போது அம்மா ஒருநாள் பூச்சடை தைக்க ஆள் கூட்டிவந்தாள். பிடரியிலிருந்து சடை நுனி வரை மல்லிகை மொட்டை நெருக்கமாக வைத்துத் தைத்து, பட்டுப்பாவாடை கட்டி, ஸ்டூடியோவில் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். முன்னால் முகம் தெரியும், கண்ணாடியில் சடை தெரியும். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படி ஒரு படம் கட்டாயம் மாட்டியிருக்கும். எங்கள் வீட்டில் இல்லை. பாதி தைத்துக்கொண்டிருக்கும்போது வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் அழிக்கிறார்கள் என்று தெருவில் சத்தம் கேட்டது. எழுந்து ஓடிவிட்டேன். சாயங்காலம் சேறும் மல்லிகையுமாக, கையில் கெளுத்தி மீனோடு வந்து நின்றேன். அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். அய்யா, அதாவது என் அப்பா, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏலே, பூ வச்சுக்கிட்டா மீன் புடிச்ச?" என்று கேட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு நான் ஏலேதான். "ஏலே, மோட்டாரப் போடு." "ஏலே, வண்டிய எடு." அவர் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை. மகள் பிறந்ததும் அந்தச் சொல்லை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். என்னிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான் என்று நினைத்தேன்.

அவளுக்கு அது வேண்டாம். பேச்சு வந்த நாளிலிருந்து மல்லுக்கு நிற்கிறாள்.

"என்னைய ஏலேன்னு கூப்பிடாதம்மா. நான் என்ன பையனா?"

"ஆசையாக் கூப்பிடுறேன்."

"ஆசையா இருந்தா செல்லம்னு கூப்பிடு."

செல்லம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தேன். புளியங்காயைக் கடித்ததுபோல் பல் கூசியது.

போன மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு நேராகக் காட்டிலிருந்து போனேன். சட்டையெல்லாம் மிளகாய்த் தூசி. கேட்டில் கூட்டம். வழக்கம்போல, "ஏலே, இங்கன வா" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். அங்கு நின்ற பையன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் திரும்பவில்லை. கூட வந்த பிள்ளைகளோடு பேசிக்கொண்டே, என்னை யாரென்றே தெரியாத மாதிரி என் முன்னால் நடந்து போனாள். தெரு முனை தாண்டி, பார்க்க ஆள் இல்லாத இடத்தில்தான் வண்டியில் ஏறினாள்.

"சட்டை வேற போட்டுட்டு வந்திருக்க" என்றாள். "மத்தவுக அம்மா மாதிரி ஒரு நாளாச்சும் சேலை கட்டிட்டு வந்தா என்ன?"

"சேலையக் கட்டிக்கிட்டு கியர் போட முடியாது."

"எங்க மிஸ்ஸு சேலை கட்டிக்கிட்டுத்தான் ஸ்கூட்டி ஓட்டுறாங்க."

கியரை மாற்றி வண்டியை விரட்டினேன். கோபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் இருந்தது பயம். இவள் கொஞ்சம் வளர்ந்ததும் என்னை வெளியே காட்டக் கூச்சப்படுவாள், என்னை விட்டுத் தள்ளிப் போய்விடுவாள் என்று அன்றைக்கு முதன்முதலாகப் பயந்தேன். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவள் ஒருத்தி முகத்தைத் திருப்பினால் எனக்குத் தாங்காது.

அதனால்தான் பூச்சடை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது மறுப்புச் சொல்லவில்லை. யாரோ கூடப் படிக்கிற பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சவூதியிலிருந்து அவள் அப்பா வேறு போனில், "மகாராணி கேட்டதச் செஞ்சு குடேன். நீயா பூ வைக்கப் போற?" என்றார். அவருக்கென்ன, அங்கிருந்து பேசிவிட்டு வைத்துவிடுவார்.

ராமேஸ்வரத்தில் சில சாப்பாட்டுக் கடைகளுக்கு வத்தல் போடுகிறேன். அந்த நடையோடு இதையும் முடித்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அங்கே பார்லர் வைத்திருக்கிற பெண்ணிடம் சடை தைக்கப் போனில் சொல்லிவைத்தாயிற்று. கிளம்புகிற நேரத்தில் ஒரு சாக்கு ஓரம் பிய்ந்து வத்தல் கொட்டியது. இறக்கி, நாலு தையல் போட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இவள் பட்டுப்பாவாடை கசங்கிவிடும் என்று பாம்பன் பாலம் தாண்டும்வரை சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தாள். கடலைப் பார் என்றேன். பார்த்தேன் என்றாள். தங்கச்சிமடத்தில் நிறுத்தி மல்லிகை மொட்டு வாங்கினோம். அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள்.

வத்தலை இறக்கிவிட்டுப் போனால் பார்லர் பூட்டிக் கிடக்கிறது. போன் அடித்தேன்.

"அக்கா, இன்னைக்கு முகூர்த்த நாளுல்ல. பொண்ணு அலங்காரம்னு பாம்பன்ல இருக்கேன். நாளைக்கு வாங்களேன்."

"முன்னாலயே சொல்ல மாட்டியாத்தா? பூ வாங்கியாச்சு."

"கோவிச்சுக்காதீங்கக்கா."

மொட்டு நாளைவரை காத்திருக்காது. வெயில் இறங்கினால் மலர்ந்துவிடும், மலர்ந்ததை வைத்துத் தைக்க முடியாது. மகளைப் பார்த்தேன். அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தி அழுதிருந்தால் ஓர் அதட்டுப் போட்டு ஊருக்குக் கூட்டிவந்திருப்பேன்.

"நான் தைக்கிறேன், வா" என்றேன்.

"உனக்குத் தெரியாதும்மா."

"ஒரு சீசனுக்கு எத்தன சாக்கு தைக்கிறேன், இந்த ஒரு சடை தைக்க மாட்டேனா?"

ஒரு லாட்ஜ் சுவர் நிழலில் வண்டியை ஒதுக்கி, பின்பலகையை இறக்கி, அவளை அதில் உட்கார வைத்தேன். தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சவுரி, குஞ்சம் எல்லாம் அவளே கொண்டுவந்திருந்தாள். பின்னி முடித்ததும் ஒரு கடையில் வெள்ளை நூல்கண்டு வாங்கினேன். ஊசிக்கு எங்கேயும் போகவில்லை. கொண்டையில் இருந்த ஊசியை உருவி, சட்டையில் நன்றாகத் துடைத்து, நூலைக் கோத்தேன். மொட்டைக் குறுக்காக அடுக்கி, ஒரு வரிசை இந்தப் பக்கம், ஒரு வரிசை அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது.

"ரொம்ப இறுக்குறம்மா."

"இறுக்காட்டி ஒழுகிரும்."

"பூ ஒழுகாதும்மா. அது என்ன வத்தலா?"

இப்படியே பேசிக்கொண்டு பாதிக்குமேல் வந்துவிட்டோம். எனக்கே ஆச்சரியம். வரிசை கோணாமல் வந்திருந்தது. ஒரு பெருமைகூட வந்துவிட்டது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அம்மா, கழுத்து எரியுது."

முடி இழுக்கிறது என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறு" என்றேன். அப்புறம் காது எரிகிறது என்றாள். அப்புறம் காதுக்குப் பின்னால். குனிந்து பார்த்தால் பிடரி முழுக்கச் சிவந்து கிடக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் சாக்கு தைத்த ஊசி. துடைத்தது மிளகாய்த் தூசி படிந்த சட்டையில். கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் எங்கள் கையிலிருந்து காரம் போகாது. எங்களுக்கு அது தெரியவும் தெரியாது. வருஷக்கணக்காக மிளகாயிலேயே கிடந்து தோல் மரத்துப்போயிற்று. உலகத்திலேயே மிளகாய்க் காரத்தை வைத்து மல்லிகை தைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ஏலே, அவுத்துருவோம்லே. தண்ணி ஊத்திக் கழுவிருவோம்."

"அவுத்தா உன்கூடப் பேசவே மாட்டேன்."

"கொப்புளம் வந்துரும்."

"வரட்டும். போட்டோ எடுத்துட்டு அவுக்கலாம். நீ தைய்யி."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. துடைத்தால் மை கலைந்துவிடும் என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்மேல் வந்தது அதைவிட அதிகம். ஒரு படத்துக்காகவா இந்தப் பாடு என்று திட்டிக்கொண்டே, சடை பின்னக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு மிச்சத்தைத் தைத்து முடித்தேன். கண்மாய்க்கு ஓடியபோது முள்ளைக் குத்திக்கொண்டும் நான் திரும்பி வராதது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அது ஒன்றும் ஆறுதலாக இல்லை. தைத்த ஊசியைப் பழக்கத்தில் மறுபடி கொண்டையிலேயே செருகிக்கொண்டேன்.

மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் கேட்காது, மோர்தான் கேட்கும். பெட்டிக்கடையில் மோர்ப் பாக்கெட் வாங்கி, துண்டை அதில் நனைத்து, பிடரியில் ஒற்றிக்கொண்டே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். ஸ்டூடியோக்காரத் தம்பி அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பின்னால் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணாடியில விழுறீங்க."

தள்ளி நின்றேன். துண்டு விலகியதும் அவள் முகம் கோணியது. மறுபடி ஒற்றினேன். விலகினேன், மறுபடி கோணியது. கடைசியில் அந்தத் தம்பியே, "சரி, அங்கயே நில்லுங்க. ஒத்திட்டுக் கையை மட்டும் எடுங்க, டக்குன்னு எடுத்துர்றேன்" என்றார். ஒற்றினேன், கையை எடுத்தேன். அந்த ஒரு நொடியில் என் மகள் சிரித்தாள். அத்தனை எரிச்சலில் அப்படி ஒரு சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ.

கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தோம். முன்னால் அவள் முகம், ஈரக் கண்ணோடு. கண்ணாடியில் சடை, ஒரு வரிசை பிசகாமல். சடைக்குப் பக்கத்தில் நான். கசங்கிய சட்டை, கையில் மோர் சொட்டுகிற துண்டு, காதுக்கு மேலே எட்டிப் பார்க்கிற கோணி ஊசி.

"அண்ணே, கண்ணாடியில அம்மா தெரியுறாங்க" என்றாள்.

"அழிச்சுரலாம் பாப்பா, ஒரு நிமிசம்."

எனக்குப் பள்ளிக்கூட கேட்டில் நின்றது நினைவுக்கு வந்தது.

"அழிக்க வேணாம்" என்றாள்.

நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "சேலை மட்டும் மாட்டி விடுங்க. பட்டுச்சேலை" என்றாள்.

அந்தத் தம்பியின் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை பட்டுச்சேலையாகத் தயாராக இருந்தது. ஒன்றைத் தொட்டு இழுத்து என்மேல் போட்டார். அரக்கு நிறம், பச்சைக் கரை. என் கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தி நின்றாள்.

"என்ன தம்பி விளையாட்டா இருக்கா? அத எடு முதல்ல" என்றேன்.

"எடுக்காதீங்கண்ணே."

"ஏலே, அது நான் இல்லலே."

அவள் ஸ்டூலிலிருந்தபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ ஏலேன்னு கூப்பிடுறேல்ல. அதும் நான் இல்ல."

அந்தத் தம்பி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வயதுப் பிள்ளையிடம் இப்படி மாட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று எரிச்சலாக வந்தது. அவள் சொன்னது சரி என்பதில்தான் எரிச்சலே.

"இனிமே ஏலே சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றாள். "சேலைய எடுக்கச் சொல்றேன்."

நியாயமான பேரம்தான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அய்யாவின் சிரிப்பு வந்து குறுக்கே நின்றது. அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டால் அது எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது. எனக்கு அதைவிட்டால் ஆசையாகக் கூப்பிட வேறு பேச்சும் தெரியாது.

"சேலையே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்பச் சொல்லத்தான் செய்வியா?"

"சொல்லாம இருக்க எனக்கு வராது."

ஏதோ யோசித்தாள். பிறகு அந்தத் தம்பி பக்கம் திரும்பி, "அப்ப ஜரிகையப் பெருசாப் போடுங்கண்ணே" என்றாள்.

படம் இப்போது எங்கள் வீட்டில், அய்யா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் சடையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்க்கிறார்கள். சேலையில் எவ்வளவு லட்சணமாக இருக்கிறாய், இப்படியே இருந்தால் என்ன என்கிறார்கள். வீட்டுக்காரர் போனில் பார்த்துவிட்டு, எப்போது எடுத்த சேலை என்று கேட்டார். வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்த ஸ்டூடியோத் தம்பி சட்டையை மறைத்தவர் ஊசியை விட்டுவிட்டார். ஏதோ நகை என்று நினைத்து அதற்குத் தங்க நிறம் வேறு ஏற்றிவைத்திருக்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி அதைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "கொண்டையில என்ன நகைடி இது, புது மாடலா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நகை இல்ல. கோணி ஊசி. எங்கம்மாவோடது. அதுலதான் எனக்குச் சடை தச்சாங்க."

"ஏலே" என்று கூப்பிட்டேன், வேறெதுவும் வாயில் வராமல்.

அவள் பாலிஷ் காயாத விரலை நீட்டி, சுவரில் சேலை கட்டிக்கொண்டு நிற்கிற என்னைக் காட்டினாள்.